உதவி: டிரெய்லர் ஃபிரிட்ஜ் கரன்ட்டில் குளிர்கிறது, கேஸில் இல்லை

டல்லாஸ்_குடும்பம்:
கொஞ்சம் அவசரம். காருக்குப் பின்னால் இழுத்து வரும் எங்கள் டிரெய்லர் வீட்டின் ஃபிரிட்ஜ் இது. வீட்டு வாசலில் நிற்கும்போது நன்றாக ஓடியது, கிளம்பும்போது ஃபிரீசரில் ஐஸ் கல்லாக இருந்தது. இங்கே வந்து கேஸுக்கு மாற்றினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் கோளாறைக் காட்டும் செக் விளக்கு எரிகிறது, அதோடு சரி. அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். பால், தயிர், இரண்டு டப்பா இட்லி மாவு உள்ளே இருக்கிறது, மாவு இப்போதே மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சாலையோரம்:
இங்கே என்றால் எங்கே? ஃபிரிட்ஜ் எந்தக் கம்பெனி, டொமெடிக்கா, நார்கோல்டா? எந்த வருட வண்டி? அடுப்பு எரிகிறதா? பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது? ஃபிரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும், பேட்டரி இறங்கியிருந்தால் பொறி சரியாக வராது.

ரசமட்டம்:
வண்டி மட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள் சார். வீட்டு ஃபிரிட்ஜ் போல இதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி, அது தானாகவே குழாயில் இறங்கி வந்துதான் குளிர வேண்டும். பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கரைசல் ஒரே இடத்தில் தேங்கிவிடும், அப்படியே சூடு போய்க்கொண்டிருந்தால் குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். ஃபிரீசர் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

உச்சிமலை:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வண்டி வாங்குகிறவர்கள் கையேட்டை ஒருமுறை புரட்டக் கூடாதா? இந்த ஃபிரிட்ஜ் 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது, அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. சூடு வேண்டும், அது எதிலிருந்து வந்தாலும் சரி. மலையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 5,500 அடிக்கு மேல் தீ அணைந்து போகலாம், கரன்ட்டில் ஓட்டுங்கள் என்று நார்கோல்ட் கையேட்டிலேயே இருக்கிறது. விஷயம் முடிந்தது.

டல்லாஸ்_குடும்பம்:
கொலராடோ, கிரேட் சாண்ட் டியூன்ஸ் மணல்மேட்டுப் பூங்கா, பின்யான் ஃபிளாட்ஸ் முகாம். இங்கே கரன்ட் இணைப்பு கிடையாது. 2014 வண்டி, ஃபிரிட்ஜ் கதவில் பெயர் அழிந்துவிட்டது, இரண்டு கதவு. அடுப்பு நன்றாக எரிகிறது. பேட்டரி 12.5. மட்டம் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. வழியெல்லாம் சிலிண்டரை மூடித்தான் வந்தோம்.

உச்சிமலை:
நான் சொன்னதுதான். அந்த இடம் 8,200 அடி. கேஸை மறந்துவிட்டு ஜெனரேட்டர் போடுங்கள்.

டென்வர்வாசி:
உச்சிமலை சார், லெட்வில் பக்கம் 10,000 அடியில் என்னுடையது கேஸில்தான் ஓடுகிறது. உயரத்தில் காற்று மெலிவதால் தீ சரியாக எரியாமல் போகலாம், குளிர்ச்சியும் குறையலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவருக்குப் பற்றவே மாட்டேன் என்கிறதே.

தம்பி, ஒரு கேள்வி. வீட்டில் ஓடியது என்கிறீர்களே, கேஸில் ஓடியதா?

டல்லாஸ்_குடும்பம்:
இல்லை அண்ணா, பிளக்கில்தான். கரன்ட்டா கேஸா என்று அதுவே தேர்ந்தெடுக்கும் ‘ஆட்டோ’ நிலையில் வைத்திருந்தோம். கேஸில் போட்டே ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

டென்வர்வாசி:
அங்கேதான் விஷயம். பிளக் இருந்தால் ஆட்டோ எப்போதும் கரன்ட்டைத்தான் எடுக்கும், கேஸ் பக்கம் போகவே போகாது. கரன்ட்டில் ஐஸ் கட்டியது என்றால் அம்மோனியா ஓடும் குழாயெல்லாம் நல்லபடியாக இருக்கிறது, அந்தக் கவலையை விடுங்கள். கோளாறு பர்னர் பக்கம். அடுப்பு எரிகிறது என்பதால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சரிதான், ஆனால் ஃபிரிட்ஜுக்குத் தனி பர்னர், ஊசிமுனை அளவு துவாரம், அதற்கு மேலே புகைக்குழாய். ஒரு வருடம் சும்மா கிடந்தால் புகைக்குழாயிலிருந்து துரு உதிர்ந்து பர்னர் மேல் விழும், சிலந்தியும் உள்ளே கூடு கட்டும்.

சிலிண்டரை மூடுங்கள், ஃபிரிட்ஜை அணையுங்கள். வண்டிக்கு வெளியே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே இருக்கும் மூடியைத் திறந்தால், பர்னரை மறைத்து ஒரு தகடு ஒற்றைத் திருகில் நிற்கும். அதைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் பர்னரின் வெட்டுகளைத் தேய்த்து, காற்றடித்து ஊதுங்கள். அந்தத் துவாரத்தில் மட்டும் கம்பி, குண்டூசி எதையும் விடாதீர்கள், ஒரு மயிரளவு பெரிதானாலும் தீ கெட்டுப்போகும். அப்புறம் சிலிண்டரைத் திறந்து, அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்டு, பிறகு ஃபிரிட்ஜைப் போடுங்கள். லைனில் காற்று இருந்தால் முதல் இரண்டு மூன்று முறை செக் விளக்கு வரத்தான் செய்யும். தீ நீலமாக, உஸ் என்ற சத்தத்தோடு வர வேண்டும்.

பற்றினாலும் உடனே குளிராது, ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அதுவரை பாலையும் தயிரையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

சக்கரவீடு:
ஓடும்போது ஏன் மூடினீர்கள்? நாங்கள் கேஸைப் போட்டுக்கொண்டேதான் ஓட்டுகிறோம், போய்ச் சேரும்போது எல்லாம் ஜில்லென்று இருக்கும்.

சாலையோரம்:
அந்த யோசனையை இவருக்குச் சொல்லாதீர்கள். பெட்ரோல் போடும் இடத்தில் பின்னால் தீ எரிந்துகொண்டு நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். மோதலில் குழாய் உடைந்தால் யார் போய் வால்வை மூடுவது?

சக்கரவீடு:
பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் அணைத்துவிடுவேன். பெரும்பாலான மாநிலங்களில் தடையும் இல்லை. கிழக்கே சில சுரங்கப்பாதைகளில்தான் பிரச்சினை, பால்டிமோர் ஹார்பர் சுரங்கத்தில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டரையே விட மாட்டார்கள், அணைத்திருந்தாலும் சரி.

சாலையோரம்:
தடை இல்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடுமா? முந்தின நாளே நன்றாகக் குளிரவைத்து, கதவைத் திறக்காமல் வந்தால் ஒரு பகல் ஓட்டத்துக்குத் தாங்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள்.

லித்தியம்_பிரியன்:
இத்தனை பாடு எதற்கு? 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு மாறுங்கள், மட்டமும் வேண்டாம், தீயும் வேண்டாம்.

டென்வர்வாசி:
சோலாரும் பெரிய பேட்டரியும் இருக்கிறவருக்குச் சரி. கரன்ட் இல்லாத இடத்தில் ஒரு வாரம் தங்குகிறவருக்கு ஒரு 20 பவுண்டு சிலிண்டர் போதுமே.

உச்சிமலை:
உயரம்தான் காரணம் என்று இப்போதும் சொல்கிறேன்.

டல்லாஸ்_குடும்பம்:
பற்றிவிட்டது! தகட்டைக் கழற்றியதும் பர்னர் மேல் துருத்தூள் ஒரு ஸ்பூன் அளவுக்கு இருந்தது. மூன்றாவது முறையில் நீலத் தீ. காலையில் ஃபிரீசரில் தண்ணீர் உறைந்திருக்கிறது, கீழ்த்தட்டு 41 ஃபாரன்ஹீட், இன்னும் இறங்குகிறது. டென்வர் அண்ணாவுக்கு நன்றி. மணலுக்குக் கிளம்புகிறோம்.

டென்வர்வாசி:
நல்லது தம்பி. அந்தப் பக்கம் கை வைத்ததால் கேஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தீர்களா? குமிழி வந்தால் உடனே மூடுங்கள். பார்த்துவிட்டு ஒரு வரி போடுங்கள்.

ரசமட்டம்:
பார்த்தாரா?