பொறுக்கியெடுத்த அறுவடை

வேலையின் பொருட்டு ஜெர்மனியின் ட்ரியர் நகருக்கு வந்த முதல் ஆண்டில், உடன் பணிபுரிபவர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். ஒயினைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு, வெள்ளை என்ற இரண்டு நிறங்கள்தாம். பாட்டிலின் மேல் ‘அவுஸ்லேஸெ’ என்று எழுதியிருந்தது. அகராதியில் ‘பொறுக்கியெடுத்த அறுவடை’ என்று பொருள் போட்டிருந்ததால், உயர்ந்த சரக்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். பொரித்த பன்றியிறைச்சியோடு அதை ஊற்றிக் குடித்துப் பார்த்தால், ஜிலேபிப் பாகைக் கரைத்ததுபோல் இருந்தது. நண்பர் முகம் சுளிக்காமல், “இதைக் கடைசியில் இனிப்போடு வைத்துக்கொள்வோம்” என்று எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்.

அன்றிரவு அவர் விளக்கியதுதான் என் முதல் பாடம். கபினெட், ஸ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ என்று 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம் வகுத்த படிநிலைகள், பறிக்கும் நேரத்தில் திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை எக்ஸ்லெ என்னும் அளவையால் அளந்து சொல்பவையே தவிர, பாட்டிலுக்குள் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று சொல்பவை அல்ல. சர்க்கரை முழுவதையும் நொதிக்கவிட்டால் அது ஆல்கஹாலாக மாறி இனிப்பற்ற ஒயின் கிடைக்கும். நடுவில் நிறுத்தினால் மீதிச் சர்க்கரை தங்கிவிடும். ஆகவே ஒரே ஸ்பேட்லேஸெ இருவிதமாகவும் வரும். ‘ட்ரோக்கன்’ (இனிப்பற்றது) என்றிருந்தால், அதற்கு ஈடான புளிப்பும் இருக்கும் பட்சத்தில், லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம்; ‘ஹால்ப்ட்ரோக்கன்’ (பாதி இனிப்பற்றது) என்றால் 18 கிராம் வரை. ‘ஃபைன்ஹெர்ப்’ என்பதற்குச் சட்டத்தில் வரம்பே கிடையாது, அது தயாரிப்பவரின் மனசு. இவை எதுவும் எழுதப்படாத, மோசல் ஆற்றுப் பகுதியின் ரீஸ்லிங்கில் நான் முதலில் தேடுவது ஆல்கஹால் அளவைத்தான்: 8 சதவீதம் என்றிருந்தால் சர்க்கரை மாறாமல் மிஞ்சியிருக்கிறது, 12 என்றால் பெரும்பாலும் மிஞ்சவில்லை. விலையைவிட இந்த எண் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

பிறகு ஒரு மாலையில் பெர்ன்காஸ்டல்-க்யூஸ் அருகே, திராட்சை வளர்த்துத் தாமே ஒயினும் செய்யும் முதியவர் ஒருவரின் முற்றத்தில் சுவைத்துப் பார்க்க உட்கார்ந்தோம். சரிவிலிருந்து எடுத்து வைத்திருந்த பலகைக்கல் துண்டொன்றை அவர் என் கையில் கொடுத்தார். வெயில் இறங்கிய பின்னும் அது சுட்டது. கொடிக்குக் கீழே கிடந்து இரவிலும் சூடு கொடுப்பது இதுதான் என்றார். அவர் ஊற்றிய கபினெட்டில் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தும் எனக்குத் திகட்டவில்லை. எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டால் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடக்குமே, அதே கணக்குதான். அடுத்து ஒரு சிவப்பு ஒயினைக் கொடுத்து, ஈறில் ஏதோ பிடிப்பதுபோல் இருக்கிறதா என்று கையை மூடித் திறந்து காட்டி விளக்க முயன்றார். துவர்ப்பைத்தான் சொல்கிறார் என்று உடனே புரிந்தது. வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்தவனுக்கு அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்ன பெரிய வித்தையா? அன்றிலிருந்து குடித்த ஒவ்வொன்றுக்கும் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிவைக்கிறேன்.

வீட்டுச் சாப்பாட்டோடும் சோதித்தேன். 14 சதவீதச் சிவப்பு ஒயின் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிட்டது. கோழிக் குழம்பை வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினேன். சற்றே இனிப்புள்ள ஃபைன்ஹெர்ப் அதே குழம்போடு இணக்கமாகப் போனது.

*

மேலே எழுதியவர் ட்ரியர்க்காரர்; நான் வேறொருத்தி, ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். இங்கே ட்ரோலிங்கர் என்னும் வெளிறிய சிவப்பு ஒயினைக் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டராக ஊற்றிக் கொடுப்பார்கள். துவர்ப்பு குறைவு என்பதால் சிவப்பு ஒயினுக்குப் புதியவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை என்பதும், ட்ரோலிங்கரையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டையும் கலந்து பிறந்ததே அந்த வகை என்பதும் தெரிந்தபோது, தேனிக்காரியான எனக்கு அந்தக் குவளையின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. ஆனால் பன்னீர் வாசனை ட்ரோலிங்கரில் இல்லை. அது மஸ்கட் வழியில் வந்தது. அதை முகர வேண்டுமென்றால் ‘முஸ்காடெல்லர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். முதல் முறை முகர்ந்தபோது, மாமா வீட்டுத் தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே நின்றதுபோல் இருந்தது.

*

உணவகத்தில் முதலில் ஒரு வாய் ஊற்றிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பது எதற்கென்று எனக்கு நெடுநாள் தெரியாது. பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள் என நினைத்து, நனைந்த அட்டைப்பெட்டி போல் நாறிய ஒன்றையும் தலையாட்டி ஏற்று, முழுப் பாட்டிலுக்கும் காசு கொடுத்திருக்கிறேன். தக்கை வழியாக அந்த நாற்றம் ஏறும் என்றும், அப்படிக் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு வாய் என்றும், இருந்தால் வேறு பாட்டில் கேட்பது நம் உரிமை என்றும் பிறகுதான் அறிந்தேன். இப்போது குடிப்பதற்கு முன் மூக்கைக் கொண்டுபோகிறேன்.