அறுபது பேரோடு கலியாணம்: அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

வெள்ளவத்தைப் பெண்:
எனக்கு ஆவணியில் கலியாணம். கோயிலில் தாலி கட்டி, பக்கத்து மண்டபத்தில் வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு, இரு பக்கமும் சேர்த்து அறுபது பேர் என்று நானும் அவரும் தீர்மானித்தோம். அப்பாவோ கொழும்பு காலி வீதி ஹோட்டல்களில் நானூறு பேருக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். "நாங்கள் போய்ச் சாப்பிட்ட வீடுகளுக்குச் சொல்லாமல் விடுவதா?" என்று கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முகம் தெரியாதவர்கள் வரிசையில் வந்து படம் எடுத்துக்கொண்டு இறங்க, நான் மணிக்கணக்காகச் சிரித்தபடி நிற்கும் கலியாணம் எனக்கு வேண்டாம். சிறிதாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி அண்ணா:
சட்டத்துக்குப் பதிவாளரும் இரண்டு சாட்சிகளும் போதும், தங்கச்சி. மற்றதெல்லாம் நம் விருப்பம். பதிவாளரிடம் அறிவித்தலை நேரத்தோடு கொடுத்துவிடுங்கள்.

லண்டன் மாமா:
நான் அப்பாவின் பக்கம். 1983க்குப் பிறகு எங்கள் சொந்தம் ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று சிதறிப் போனது. செத்த வீட்டுக்கு நேரத்துக்கு வந்து சேர முடிவதில்லை. கலியாணத்தில்தான் ஒருவரை ஒருவர் காண்கிறோம். அந்த ஒரு கதவையும் அடைக்காதீர்கள், மகள்.

கொட்டாஞ்சேனை அம்மா:
மகள், மூத்தவளுக்குப் பெரிய மண்டபம் எடுத்தோம். இளையவளுக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில், எழுபது பேரோடு செய்தோம். இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கோயில் அது. அந்தத் தூண்களுக்கு நடுவே நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

மூத்தவளின் கழுத்தில் தாலி ஏறியபோது நான் கண்டது படப்பிடிப்பாளர்களின் முதுகைத்தான். கெட்டிமேளச் சத்தத்தை வைத்து நேரத்தை அறிந்து அரிசியை எறிந்தோம். பின்வரிசையில் இருந்தவர்கள் திரையில் பார்த்தார்கள். பலர் அதற்குள் சாப்பாட்டுப் பக்கம் எழுந்து போய்விட்டார்கள். இளையவளின் கன்னிகாதானத்தில் அவள் அப்பாவின் கை நடுங்கியதை மாப்பிள்ளையின் அம்மம்மா கண்டார். அன்றிலிருந்து அந்த அம்மம்மாவுக்கு என் மகள்மேல் தனிப் பிரியம்.

அறுகம்புல்லும் அரிசியும் சேர்த்து அறுகரிசி போட்டதையும் சொல்ல வேண்டும். பாதம், முழங்கால், தோள், தலை என்று ஒவ்வோர் இடமாக இரண்டு கையாலும் தொட்டு வாழ்த்துவதற்கு நேரம் பிடிக்கும். நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் மண்டபத்தில் வயதானவர்களை அவசரப்படுத்தாமல் முடியாது. இங்கே என் பெரியம்மா, குனிய முடியாதவர், ஒரு நாற்காலியை மணவறைக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்து, ஆறுதலாகப் போட்டு முடித்தார். ஐயரும் காத்திருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய ஆசீர்வாதம் அதுதானே?

லண்டன் மாமாவின் கவலை எனக்கும் இருந்தது. ஆனால் எங்கள் கலியாணம் ஒரு நாளோடு முடிவதில்லை. அதற்கு முன்னால், தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுத் தொடர்மாடியில் கன்னிக்கால் என்னும் மங்கலக் கொம்பை மணல் நிரப்பிய வாளியில் ஊன்றினார்கள். நகை செய்யும் பத்தர் கரியை ஊதி நாணயத்தை உருக்கி, உருகிய பொன்னைத் தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டினார். கோயிலுக்கு அழைக்க முடியாத பெரியவர்களை அன்றைக்குக் கூப்பிட்டோம். நாற்பதாண்டுப் பழக்கம் உள்ள வீடுகளுக்கு நானும் கணவரும் நேரில் போய், "கோயிலில் சின்னதாகச் செய்கிறோம், பிள்ளைகளை வாழ்த்துங்கள்" என்று சொன்னோம். பிறகு பயற்றம் பணியாரம், அரியதரம் என்று பலகாரங்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறர் வாயால் கேள்விப்பட்டால்தான் மனம் நோகும். வாசலுக்கு வந்து சொன்னவர்களை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் ஹோட்டல் கணக்கைப் பேசாதீர்கள். அவருக்கு அது பணப் பிரச்சினை இல்லை. எந்தெந்த வீடுகளை விட முடியாது என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

லண்டன் மாமா:
பொன்னுருக்குக்கு அழைப்பது நல்ல யோசனை. எங்களைப் போன்றவர்கள் வருவதாக இருந்தால் இரண்டு நிகழ்வுக்கும் நடுவே அதிக நாள் விடாதீர்கள். எல்லோருக்கும் நீண்ட விடுமுறை கிடைக்காது.

வெள்ளவத்தைப் பெண்:
அம்மா, நீங்கள் சொன்னபடி நேற்றிரவு அப்பாவிடம் கொப்பியைக் கொடுத்தேன். எழுத எழுத ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் ஒரு கதை சொன்னார். அவற்றில் பாதியை நான் முன்பு கேட்டதே இல்லை. எண்பத்திரண்டு பெயர்களில் நிறுத்தினார். எண்பத்திரண்டுக்கு எனக்குச் சம்மதம். மற்ற வீடுகளுக்கு அவரும் நானும் சேர்ந்து போகப் போகிறோம். முதலில் வத்தளைப் பெரியப்பா வீடு. வெள்ளவத்தைப் பக்கம் நல்ல அரியதரம் செய்து தருபவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.