பொள்ளாச்சி நா. மகாலிங்கம் சட்டமன்றத்தில் செய்தது என்ன?

கேள்வி: ஆனைமலைச் சாலை

வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மலருக்காக அருட்செல்வர் நா. மகாலிங்கம் அவர்களைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டுவிட்டேன். சக்தி சர்க்கரை ஆலை, குமரகுரு கல்லூரி, ஓம் சக்தி இதழ், தாம் நடத்திவந்த விழாவிலேயே 2014 காந்தி ஜெயந்தியன்று அவர் உயிர் பிரிந்தது என்று மற்றவற்றுக்கெல்லாம் கைநிறையச் செய்தி கிடைக்கிறது. ஆனால் 1952, 1957, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பொள்ளாச்சியில் வென்றவர் பேரவையில் என்ன செய்தார் என்று கேட்டால், 'பி.ஏ.பி.யைக் (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தைக்) கொண்டுவந்தார்' என்ற ஒரே வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். என் பெரியப்பாவோ அது முழுக்க அன்றைய அமைச்சர் சி.எஸ். (சி. சுப்பிரமணியம்) செய்த வேலை என்று அடித்துச் சொல்கிறார். அமைச்சராகவே இராத ஒருவர் ஓர் அணைத் திட்டத்தை எப்படிக் கொண்டுவர முடியும்?

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

தம்பி, உங்கள் பெரியப்பா சொல்வதில் பாதி சரி. 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்துக்காரர். நிதித்துறை அவர் கையில் இருந்தது. 1954இல் காமராசரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்கு நின்று 93க்கு 41 என்று தோற்றவரை, வென்றவரே அழைத்து அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். அன்று காமராசர் மனத்தில் வஞ்சம் வைத்திருந்தால் நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆனால் நிதியமைச்சர் மட்டும் நினைத்து நடக்கிற காரியம் அன்று இது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப வேண்டும். பரம்பிக்குளமோ கேரள எல்லைக்குள் இருக்கிறது. இரு மாநில ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் அது 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாக அதிலேயே எழுதியிருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே, 1961 அக்டோபரில் நேரு வந்து திட்டப்பணியைத் தொடங்கிவைத்தார். அத்தனை ஆண்டுகள் காகிதம் நகராத இடத்தில் வேலை நகர்ந்தது என்றால், கீழேயிருந்து ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்த ஆட்கள் இருந்தார்கள் என்று பொருள். வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமிக் கவுண்டர் அவர்களில் முதன்மையானவர்; மகாலிங்கம் சட்டமன்றத்துக்குள் இருந்தபடி அதைச் செய்தவர். ஆளுங்கட்சி உறுப்பினரின் உழைப்பு பேரவைக் குறிப்புகளில் அதிகம் தெரியாது. அரசு கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேசுவது எதிர்க்கட்சிக்காரரின் வேலை. ஆளுங்கட்சிக்காரர் அமைச்சரின் அறை வாசலில் காத்திருப்பார். இருந்தாலும் கோட்டையில் உள்ள பேரவை நூலகத்தில் அந்தப் பதினைந்து ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்புகளையும், குறிப்பாகப் பாசனத் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை நாட்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

பதில்: வெள்ளகோவில் கடைமடை

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தத் தலைமுறையைப் புகழ்ந்து எழுதும்போது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். திருமூர்த்தி அணைக்குக் கீழே பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எங்கள் மண்டலத்துக்கு முறை வரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும். முறை வந்த பிறகும், போன தடவை எங்கள் தோட்டத்து மடையில் நீர் வந்த அளவு கணுக்காலைத்தான் நனைத்தது. மேலே வாய்க்கால் கரையோரம் இரவில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதிகாரிகளிடம் இரண்டு முறை மனுக் கொடுத்தும் பயனில்லை. இதற்கு மகாலிங்கத்தையோ சி.எஸ்.ஸையோ குறை சொல்லவில்லை. சோளமும் கம்பும் விதைத்து வானத்தைப் பார்த்துக் கிடந்த காட்டில் அந்த நீரை நம்பித்தான் எங்கள் அப்பா தென்னை வைத்தார்.

பதில்: பழைய பேருந்துப் பயணி

கட்டுரையில் பேருந்தை விட்டுவிடாதீர்கள். அவருடைய தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் நடத்திய ஆனைமலைஸ் பேருந்துகள்தாம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அவர் குடும்பத்தின் பெயரைத் தேர்தலுக்கு முன்பே கொண்டுசேர்த்திருந்தன. முப்பது வயது நிரம்பும் முன்பே அவர் முதல் தேர்தலில் வென்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1970களின் தொடக்கத்தில் அந்தப் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் ஆக்கியபோது அவர் பேரவையில் இல்லை. 1967இல் காங்கிரசு ஆட்சி போனதோடு அவருடைய சட்டமன்ற வாழ்க்கையும் முடிந்திருந்தது. அதன் பிறகு ஆலை, கல்லூரி, ஆன்மிகம் என்று அவர் திரும்பியதால், பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகள் மறந்தே போயின.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 'கொண்டுவந்தார்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'வேண்டுமென்று விடாமல் கேட்டவர்களில் ஒருவர்' என்று மாற்றிவிட்டேன். பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். தலையசைத்துவிட்டு, சி.எஸ். பெயரை அதற்கு முந்தைய வரியில் போடச் சொன்னார். கடைமடை அண்ணா, உங்கள் மடையின் படம் ஒன்று அனுப்பினால் மலரில் சேர்த்துக்கொள்கிறேன்.