சீனாவின் அன்றாட வாழ்க்கையில் உங்களைத் திகைக்க வைத்தது எது?

வழிப்போக்கன்77:
ஏப்ரலில் குவாங்ஜோவில் நடக்கிற கேன்டன் கண்காட்சிக்குப் போகிறேன், சீனாவுக்கு இதுதான் முதல் தடவை. அது முடிந்ததும் ஷாங்காய், பெய்ஜிங் என்று இன்னும் ஒரு வாரம் சுற்றலாம் என்று எண்ணம். பெருஞ்சுவர் பற்றியெல்லாம் சொல்ல வேண்டாம், அது எங்கே பார்த்தாலும் கொட்டிக் கிடக்கிறது. கடை, சாப்பாட்டு மேஜை, ரயில் இங்கெல்லாம் அவர்களுக்குச் சர்வசாதாரணமாகவும் வெளியிலிருந்து போகிறவர்களுக்கு "என்னடா இது" என்றும் இருக்கிற விஷயங்கள்தான் வேண்டும். நான் சைவம். அப்புறம், வியாபாரத் தொடர்பில் இருக்கும் இரண்டு பேருக்குக் கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன், சரிதானே?

சுக்குக்காப்பி:
மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தக் கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்! சீன மொழியில் கடிகாரம் கொடுப்பதை 'சோங் ஜோங்' என்பார்கள், சாகக் கிடக்கிறவருக்குப் பக்கத்திலிருந்து கடைசிக் கடமை செய்வதையும் அதே ஒலியில்தான் சொல்வார்கள். வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள், ஆனால் உள்ளுக்குள் கருக்கென்று இருக்கும். கைக்கடிகாரத்துக்கு வேறு சொல், அதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒலியை வைத்துப் பயப்படுவது அங்கே நிறைய. 'நான்கு' என்பதும் 'சாவு' என்பதும் தொனியில் மட்டும்தான் வேறுபடும், அதனால் பல கட்டடங்களில் லிஃப்ட்டில் 3க்கு அடுத்து 5 இருக்கும். எட்டு அதற்கு நேர்மாறு, செல்வம். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை 2008 ஆகஸ்ட் 8 இரவு 8 மணிக்குத் தொடங்கினார்களே, தற்செயலா என்ன? இன்னொன்று, தரைத்தளம்தான் அவர்களுக்கு முதல் மாடி. 'இரண்டாம் மாடியில் சந்திக்கலாம்' என்றால் ஒரே ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். இது தெரியாமல் நான் ஒரு மாடி மேலே போய் அரை மணி நேரம் நின்றேன்.

ரயில்பூச்சி:
எனக்கு முதலில் பிடிபடாமல் போனது வெந்நீர். வெயில் மண்டையைப் பிளக்கிற ஜூலையில் ஒரு சின்ன உணவகத்தில் தண்ணீர் கேட்டால் ஆவி பறக்கிற டம்ளரை வைத்தார்கள், தவறு நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ரயில் நிலையம், விமான நிலையம், ஓடுகிற அதிவேக ரயில் எல்லாவற்றிலும் வெந்நீர்க் குழாய். வயதானவர்கள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்க், உள்ளே தேயிலை, தீரத் தீர வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். குளிர்ந்த தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்ற சீன வைத்திய நம்பிக்கை ஒரு பக்கம், 1950களில் தொற்றுநோய்க்கு எதிராக அரசாங்கம் நடத்திய சுகாதார இயக்கம் ஒரு பக்கம். அங்கே குழாய்த் தண்ணீரை யாரும் அப்படியே குடிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. மூன்றாம் நாள் நானும் ஒரு பிளாஸ்க் வாங்கிவிட்டேன்.

அடுத்தது காசு. கிளம்புவதற்கு முன்பே போனில் பணம் கட்டும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டையும் போட்டு உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். வெளிநாட்டு கார்டுக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். கடைக்காரர் நோட்டை மறுக்கக் கூடாது என்பது விதி, ஆனால் அவரிடம் சில்லறை இருக்க வேண்டுமே? காலையில் ஒரு வான்டன் சூப் கடையில் என் போன் செத்துவிட்டது. 20 யுவான் நோட்டை நீட்டினேன், அந்த அம்மா கல்லாவை இழுத்துக் காட்டினார், உள்ளே ஒரு கத்தரிக்கோலும் ரப்பர் பேண்டும்தான். பின்னால் நின்ற பையன் தன் போனில் என் கணக்கையும் ஸ்கேன் செய்துவிட்டு, நான் கொடுத்த நோட்டைப் பார்த்துச் சிரித்தான், கையில் தாளைத் தொட்டு ரொம்ப நாளாயிற்றோ என்னவோ. கடை வாசல்களில் பவர்பேங்க் வாடகைக்குக் கிடைக்கும், அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

விரலால் எண்ணுவதும் வேறு. பத்து வரை ஒரே கையில் முடித்துவிடுவார்கள். ஆரஞ்சு விற்ற பாட்டி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார், இரண்டு என்று நினைத்து 2 யுவான் அனுப்பினேன். அது எட்டாம். பாட்டி என் கையைப் பிடித்து விரல்களைத் தானே மடக்கி, ஆறு எப்படி, எட்டு எப்படி என்று பாடம் எடுத்துவிட்டுத்தான் பையைக் கொடுத்தார்.

கடைசிபெஞ்ச்:
எல்லோரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள். வரிசை என்றால் என்ன விலை என்று கேட்பார்கள், சாப்பிடும்போது சத்தம், நடைபாதையில் சத்தமே இல்லாத மின்ஸ்கூட்டரில் டெலிவரி ஆட்கள் பின்னால் வந்து இடிப்பார்கள். பொதுக் கழிப்பறையில் டிஷ்யூ இருக்காது. முன்பின் தெரியாதவர் 'கல்யாணம் ஆயிற்றா, சம்பளம் எவ்வளவு' என்பார்.

ரயில்பூச்சி:
டிஷ்யூவும் ஸ்கூட்டரும் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் வரிசை விஷயத்தில் நீங்கள் போய் எத்தனை வருடமாயிற்று? ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய வருடம், 2007லிருந்து, பெய்ஜிங்கில் மாதாமாதம் 11ஆம் தேதியை 'வரிசை நாள்' என்று வைத்தே பழக்கினார்கள், 11 என்று எழுதினால் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்கிற மாதிரி இருக்கிறதாம். இப்போது மெட்ரோவில் தரையில் அம்புக்குறி, பெரும்பாலும் அதன்படிதான் நிற்கிறார்கள். பையை மட்டும் ஒவ்வொரு நிலையத்திலும் எக்ஸ்ரேவில் விட வேண்டும், அது அலுப்புத்தான்.

கல்யாணம், சம்பளம் கேட்பதற்கு நாம் கோபப்படலாமா? நம் அத்தை சித்தி எல்லாம் கேட்காததா? வயதானவர்கள் பார்த்ததும் 'ச்சர் லெ மா' என்பார்கள், அப்படியே நம் 'சாப்பிட்டாச்சா'. டாக்ஸி ஓட்டுநர் 'ஷிஃபு', வயதான பெண் 'ஆயி', அதாவது சித்தி. பெயர் சொல்லாமல் முறை சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் நமக்கு என்ன அந்நியம்? ஷாங்காய் போனால் சனி, ஞாயிறு மதியம் மக்கள் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். தரையில் வரிசையாகக் குடைகள் விரித்து வைத்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு தாள்: பிறந்த வருடம், உயரம், படிப்பு, சம்பளம், வீடு உண்டா. பிள்ளைகளுக்கு வரன் தேடி பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில்கூட இருக்க மாட்டார்கள்.

வழிப்போக்கன்77:
குடை விஷயம் பிரமாதம். சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே?

சுக்குக்காப்பி:
'வோ ச்சர் சூ', நான் சைவம் என்று அர்த்தம், ஆனால் உச்சரிப்பை நம்பாமல் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பன்றி இறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, கீரையைச் சிப்பி சாஸில் வதக்கித் தருவார்கள். பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும், அங்கே பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூடப் போட மாட்டார்கள், நிம்மதியாகச் சாப்பிடலாம்.

குவாங்ஜோவில் உட்கார்ந்ததும் சூடான தேநீரையும் ஒரு கிண்ணத்தையும் வைப்பார்கள், உடனே குடித்துவிடாதீர்கள், முதல் தேநீர் கோப்பையையும் சாப்பிடும் குச்சிகளையும் கழுவுவதற்கு. யாராவது உங்களுக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையை லேசாகத் தட்டுங்கள், நன்றி. மாறுவேடத்தில் போன சியன்லுங் பேரரசர் தன் ஆட்களுக்குத் தேநீர் ஊற்றினாராம், மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடும் என்று விரலை மடித்துத் தட்டினார்களாம், கதை அப்படி. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றுவது போல இருக்கும். டிப்ஸ் வேண்டாம். மதியம் 12லிருந்து ஒன்றரை வரை போன் செய்யாதீர்கள், அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டு மேஜையிலேயே தூங்குவார்கள். இருட்டான ஹாலில் கால் இடறி ஒருவரை எழுப்பிய பாவம் என்னுடையது.

கடிகாரத்துக்குப் பதில் பித்தளை யானை எடுத்துப் போங்கள், யானை அங்கே மங்கலம். அப்புறம் தொப்பி கொடுக்கிற உத்தேசம் இருந்தால் பச்சை மட்டும் வேண்டாம். 'பச்சைத் தொப்பி போட்டவன்' என்றால் மனைவி இன்னொருவனோடு பழகுகிறாள் என்று அர்த்தம்.

வழிப்போக்கன்77:
சார், எங்கள் லோகோ பச்சை. தொழிற்சாலை ஆட்களுக்குக் கொடுக்க 24 தொப்பி நேற்றுதான் அச்சாகி வந்தது.