கயாக்ல மீன் பிடிக்கிறதை வீடியோ எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

ஒத்தைத்துடுப்பு:
வணக்கம் மக்களே. கயாக்ல (துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு) தனியா போய் தூண்டில் போடுற ஆளு நான். இதுவரைக்கும் போனை வாட்டர்ப்ரூஃப் பவுச்சுல போட்டு கழுத்துல தொங்கவிட்டுத்தான் வீடியோ எடுத்துட்டு இருந்தேன், வெயில் ஏற ஏற பவுச்சுக்குள்ள ஆவி படிஞ்சு எல்லாமே மசமசன்னு வருது, ஈரக்கைக்கு டச்சும் வேலை செய்யாது, போன தடவை நல்ல மீன் ஒண்ணு லைனை இழுத்துட்டு ஓடும்போது ரெக்கார்டு பட்டனைத் தேடப்போய் மீனும் போச்சு வீடியோவும் போச்சு. தனியா ஒரு கேமரா வாங்கிடலாம்னு பாத்தா ஒருத்தர் கோப்ரோங்கிறார், ஒருத்தர் டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன்ங்கிறார், இன்னொருத்தர் ஜூம் இருக்குற வாட்டர்ப்ரூஃப் காம்பாக்ட் வாங்குங்கிறார். தண்ணில ஆறு மணி நேரம் இருப்பேன். வீடியோ துல்லியம் 4கே போதுமா, அதைவிட கூடுதலா 5.3கே வேணுமா? ஒண்ணும் புரியல.

உப்புக்காத்து:
4கேவா 5.3கேவான்னு யோசிக்கறதை விடுங்க ப்ரோ, கேமராவை எங்க மாட்டப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ரெண்டு கையும் ராடுலயும் ரீல்லயும் இருக்கும், அதனால கைல பிடிச்சு எடுக்குற காம்பாக்ட் கதைக்கு ஆகாது. ஒலிம்பஸ் டஃப் வரிசை மாதிரி கேமரா 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கு, பிடிச்ச மீனை போட்டோ எடுக்க அருமை, ஆனா ஆடுற கயாக்ல மாட்டி விட்டு ஓட விடுறதுக்கு கோப்ரோ, ஆஸ்மோ மாதிரி குட்டி ஆக்‌ஷன் கேமராதான்.

அடுத்தது பேட்டரி. 4கேல விடாம ஓடினா ஒரு பேட்டரி ஒண்ணு ஒண்ணரை மணி நேரம்தான்னு கணக்கு வச்சுக்கோங்க. சரி நாலஞ்சு பேட்டரி வாங்கிக்கறேன்னு வைங்க, 100 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 100 மெகாபிட்) ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், ஆறு மணி நேரத்துக்கு 270 ஜிபி, 256 ஜிபி மெமரி கார்டே பத்தாது, அதை அப்புறம் உக்காந்து யார் பாக்குறது? அதுல அஞ்சே முக்கால் மணி நேரம் நீங்க சும்மா மிதவையை முறைச்சுட்டு இருப்பீங்க.

அதனால லூப்பிங் போடுங்க. 5 நிமிஷ லூப் வச்சா பழசை அழிச்சுட்டே எழுதும், மீன் கரையேறினதும் நிறுத்தினா கடைசி அஞ்சு நிமிஷம் கைல இருக்கும். கார்டு நிறையாது, ஆனா பேட்டரி மட்டும் தின்னுட்டேதான் இருக்கும். கோப்ரோல ஹீரோ9ல இருந்து ஹைண்ட்சைட்னு ஒண்ணு இருக்கு, பட்டன் அமுக்குறதுக்கு முந்தின 15 இல்ல 30 செகண்டையும் சேர்த்து சேவ் பண்ணும். ஆஸ்மோல இதே வேலைக்கு ப்ரீ ரெக்கார்டு. உங்களுக்கு மீன் போன கதைக்கு இதுதான் மருந்து. கார்டு வி30க்கு (செகண்டுக்கு குறைஞ்சது 30 எம்பி எழுதுற வேகம்) கீழ வாங்காதீங்க.

ஒத்தைத்துடுப்பு:
அண்ணா இந்த லூப் விஷயம் யாருமே சொல்லல, ரொம்ப நன்றி. நெஞ்சுல மாட்டுற பட்டை வாங்கலாம்னு இருந்தேன், அது ஓகேவா? தண்ணிக்குள்ள மீன் வர்றதும் தெரியணும், போன்ல எடுத்தா வெறும் வெள்ளைப் பளபளப்புதான் தெரியுது.

பாசிபிடிச்ச_படகு:
நெஞ்சுப் பட்டை நின்னுட்டு பிடிக்கிறவங்களுக்கு சரி. கயாக்ல சாஞ்சு உக்காருவீங்க, லைஃப் ஜாக்கெட் வேற முன்னாடி தூக்கிட்டு நிக்கும், கேமரா பாதி வானத்தையும் மீதி உங்க முட்டியையும் எடுக்கும். நான் ஒரு சீசன் முழுக்க என் முட்டியை 4கேல எடுத்து வச்சிருக்கேன், யாருக்காவது வேணும்னா சொல்லுங்க. தொப்பில மாட்டினா நீங்க பாக்குறதை அதுவும் பாக்கும், ஆனா தலை சும்மா இருக்காதே, பாக்குறவங்களுக்கு மயக்கம் வரும். கயாக்கோட பின்பக்கம் ஒரு கம்பம் நட்டு தோளுக்கு மேல இருந்து எடுங்க, ராடு வளையறது, லைன் போற திசை, மீன் துள்ளுறது எல்லாம் ஒரே ஃப்ரேம்ல வரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், வீசுற கைக்கு எதிர்ப்பக்கம் நடுங்க, இல்லன்னா முதல் மீனா கேமராவைத்தான் பிடிப்பீங்க 😄

பளபளப்புக்கு போலரைசர் ஃபில்டர், லென்ஸ் மேல மாட்டினா தண்ணில அடிக்கிற வெளிச்சத்தைக் குறைக்கும். தண்ணியை ரொம்ப நேர் கீழயும் இல்லாம ரொம்ப தூரமாவும் இல்லாம சாய்வா பாக்குறப்பதான் நல்லா வேலை செய்யும், தண்ணி மட்டத்துல இருந்து சுமார் 37 டிகிரி. அகலமான லென்ஸ்ல வானம் திட்டுத்திட்டா கறுக்கும், அது பரவால்ல. அப்புறம் வைட் மோடுல எடுக்காதீங்க, கை நீட்டிப் பிடிச்சாலும் பெரிய மீனு நெத்திலி மாதிரி இருக்கும், ஓரம் வளையாம நேரா எடுக்குற லீனியர் மோடு போடுங்க.

உப்புக்காத்து:
கம்பத்துல மாட்டினா கயிறு கட்டாம விடாதீங்க. இந்த கேமரா எதுவும் தானா மிதக்காது, கல்லு மாதிரி போயிடும். எனக்கு ஒண்ணு போச்சு, 10 மீட்டர் வாட்டர்ப்ரூஃப்தான், ஆனா ஆழம் முப்பது.

வாட்டர்ப்ரூஃப்ங்கிறது கதவு மூடியிருக்கிற வரைக்கும்தான். பவர் பேங்க் வயர் சொருக கதவைத் திறந்து வச்சா அது வெறும் எலக்ட்ரானிக் பொருள். பேட்டரி மாத்தும்போது ரப்பர்ல ஒரு மணலோ தலைமுடியோ இருந்தா போதும், தண்ணி உள்ள வந்துடும். கடல் தண்ணின்னா வீட்டுக்கு வந்ததும் கதவை மூடியபடியே நல்ல தண்ணில கொஞ்ச நேரம் ஊற விடுங்க, சும்மா துடைச்சா உப்பு பட்டனுக்குள்ள போய் இறுகிடும்.

லென்ஸ்ல துளி நின்னா நாக்கால ஒரு நக்கு நக்கி தண்ணில முக்கி எடுங்க. சிரிக்காதீங்க, எச்சில் பட்டா துளி துளியா நிக்காம பரவி ஓடிடும், அலைச்சறுக்கு ஆளுங்க பண்றதுதான் இது.

ஒத்தைத்துடுப்பு:
சரி அப்போ ஏதோ ஒரு ஆக்‌ஷன் கேமரா, பின்னாடி கம்பம், கயிறு, கேமராவுக்கு ஒரு மிதவை, நாலஞ்சு பேட்டரி, 5 நிமிஷ லூப். சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல எடுக்குற 360 கேமரா பத்தி யாரும் சொல்லலையே?

பாசிபிடிச்ச_படகு:
எந்தப் பக்கம் மீன் துள்ளினாலும் சிக்கும், அது நிஜம்தான். ஆனா லென்ஸ் ரெண்டு பக்கமும் துருத்திட்டு நிக்கும், ஈயக்குண்டு ஒண்ணு பட்டா கீறல். எடிட்டிங்ல ஒவ்வொரு க்ளிப்புக்கும் எந்தப் பக்கம் பாக்கணும்னு நீங்களே திருப்பணும். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தா இன்னும் நாலு மீன் கூடப் பிடிச்சிருப்பேன்.