கெதிவ் இஸ்மாயில் மூன்று நிமிடத்துக்குள் மூழ்கியது ஏன்?

கேள்வி:
1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த இந்தத் துருப்புக் கப்பலை, மாலத்தீவின் ஒன்றரை டிகிரி கால்வாய் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 இரண்டு டார்ப்பிடோக்களால் அடித்தது. 1,511 பேரில் 1,297 பேர் இறந்தார்கள். 1940-ல் மூழ்கிய பேட்ராக்ளஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலும் பயணிகள் கப்பலாக இருந்து மாற்றப்பட்டதுதான். அது பல டார்ப்பிடோ வாங்கியும் மணிக்கணக்கில் மிதந்ததே, எப்படி?

பதில் 1:
பேட்ராக்ளஸ் பீரங்கி பொருத்திய காவல் கப்பல். அந்த வகைக் கப்பல்களின் சரக்கறைகளில் மூடி இறுக்கிய காலி பீப்பாய்களை அடைப்பார்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 200 கிலோ எடையை மிதக்க வைக்கும். பத்தாயிரம் இருந்தால் 2,000 டன். ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் புக இடம் குறைவு. துருப்புக் கப்பலில் அந்த இடத்தில் ஆட்கள் அல்லவா இருக்கிறார்கள்! கெதிவ் இஸ்மாயில் 1922-ல் சிலி நாட்டுக் கப்பல் நிறுவனத்துக்காக அக்கான்காகுவா என்ற பெயரில் கட்டப்பட்டது, சுமார் 7,500 டன். அந்த அளவுக் கப்பலில் அடுத்தடுத்த இரண்டு நீர்புகா அறைகள் உடைந்து திறந்துவிட்டால் தாங்காது. புகுந்த தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

பதில் 2:
படகு இருந்ததா என்று பலர் கேட்பார்கள். படகை வெளியே தள்ளி, ஆள் ஏற்றி, கயிறு விட்டு இறக்கப் பயிற்சி பெற்ற குழுவுக்கே பல நிமிடம் ஆகும். கப்பல் 15 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் மேலெழும்பிய பக்கத்துப் படகு கப்பலின் பக்கச் சுவரிலேயே உரசி மாட்டிக்கொள்ளும். இப்படி மூழ்கும்போது உதவுவது, கட்டு தளர்ந்ததும் தானே மிதந்து வரும் தெப்பம் மட்டுமே. அதிலும் பகல் இரண்டரை மணி. ஏராளமானவர்கள் கீழ்த்தளங்களில் இருந்தார்கள். ஒரே படிக்கட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்தால் என்ன ஆகும்? பெண்களில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நீரில் தத்தளித்தவர்கள் நடுவே காவல் கப்பல்கள் ஆழ்குண்டு (நீருக்கடியில் வெடித்து நீர்மூழ்கியைத் தாக்கும் குண்டு) போட்டார்கள் என்பது உண்மையா?

பதில் 3:
உண்மைதான். நீர்மூழ்கி அவர்களுக்கு அடியிலேயே பதுங்கியது. இன்னும் நான்கு துருப்புக் கப்பல்கள் பக்கத்தில் இருந்தன, அவற்றையும் காக்க வேண்டியிருந்தது. தண்ணீர் அமுங்காது, அதனால் வெடிப்பின் அழுத்த அலை அப்படியே உடலுக்குள் பாயும். தசை தாங்கிவிடும், காற்றுள்ள நுரையீரலும் குடலும் கிழியும். ஐ-27 மேலே வந்ததும், காவலுக்கு வந்த பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் பெட்டார்ட் சுட்ட குண்டுகள் நீர்மூழ்கியின் அழுத்தம் தாங்கும் உள் கூட்டைத் துளைக்கவில்லை. மோதப் போன இன்னொரு நாசகாரிக் கப்பல் பாலடின் தன் அடிப்பகுதியைக் கிழித்துக்கொண்டது. கடைசியில் பெட்டார்ட் ஏவிய ஏழாவது டார்ப்பிடோதான் நீர்மூழ்கியை முடித்தது.