டீசல் நிறுத்தியும் ஐஎம்இபி பிளஸ்ஸில் வருகிறது, சென்சார் கோளாறா?

ஆய்வகத்தம்பி:
ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், ஸ்ட்ரோக் 110 மி.மீ. ஹெட்டில் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் பீசோ சென்சார், கிராங்க் முனையில் 0.5 டிகிரி என்கோடர் (சுழற்சிக் கோணத்தை அளப்பது). டீசலை நிறுத்திவிட்டு மோட்டாரால் சுற்றினால், உச்ச அழுத்தம் டிடிசிக்கு (பிஸ்டன் மேல் உச்சியில் இருக்கும் நிலை) 1 டிகிரி பின்னால் தள்ளி வருகிறது. ஐஎம்இபியும் (ஒரு சைக்கிளில் வாயு பிஸ்டனில் செய்யும் வேலையைக் காட்டும் சராசரி அழுத்தம்) பிளஸ். டிடிசியை டயல் கேஜ் (சிறு நகர்வை அளக்கும் முள் மானி) வைத்துத்தான் குறித்தேன். சென்சார் போய்விட்டதா?

பழைய டெஸ்ட்பெட்:
தம்பி, சென்சாரைக் கழற்றாதீர்கள். எரிபொருளே இல்லாதபோது காற்று சுவருக்கு வெப்பத்தை இழக்கிறது, ரிங் வழியாகக் கொஞ்சம் கசிகிறது. அதனால் உச்சம் டிடிசிக்குச் சற்று முன்பே வந்தாக வேண்டும், டீசலில் பெரும்பாலும் 0.5 முதல் 1 டிகிரி. தள்ளி வந்தால் உங்கள் டிடிசி குறிதான் தப்பு.

டயல் கேஜை உச்சியில் வைத்துப் பார்த்தீர்களா? அங்கே பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடும். உங்கள் ஸ்ட்ரோக்குக்கு 1 டிகிரியில் நகர்வது சுமார் 0.01 மி.மீ., கேஜின் ஒரே ஒரு கோடு. நானும் ஆரம்பத்தில் இப்படிக் குறித்து ஒரு வாரத்து ரீடிங்கைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். பிஸ்டன் 5 மி.மீ. கீழே இருக்கும்போது கோணத்தைக் குறியுங்கள். அதே திசையில் சுற்றி, மறுபக்கம் அதே 5 மி.மீ. வரும்போது இன்னொரு முறை குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டிடிசி. 1 டிகிரி பிசகினாலே ஐஎம்இபி 10 சதவீதம் வரை மாறிவிடும், விட்டுவிடாதீர்கள்.

ஆய்வகத்தம்பி:
செய்துவிட்டேன் சார். குறி 1.5 டிகிரி நகர்ந்தது. இப்போது உச்சம் 0.5 டிகிரி முன்னால், ஐஎம்இபி மைனஸ். ரொம்ப நன்றி! ஆனால் டீசல் விட்டு ஓட்டினால், வெப்ப வெளியீட்டு வரைபடம் இன்ஜெக்‌ஷனுக்கு முன்பே மேலே ஏறுகிறதே?

கோணமானி:
அது வேறு சங்கதி. பீசோ சென்சார் அழுத்த மாற்றத்தை மட்டும்தான் சொல்லும், முழு அழுத்தத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே வரும் குழாய்) தனியாக முழு அழுத்தத்தையே காட்டும் ஒரு அப்சல்யூட் சென்சார் வைத்து, இன்டேக் முடிவில் பிடிசி (பிஸ்டன் அடியில் இருக்கும் நிலை) அருகே சில டிகிரிக்குச் சராசரி எடுத்து, சிலிண்டர் அழுத்தத்தை அதோடு பொருத்துங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், பீசோ சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் சார்ஜ் ஆம்ப்ளிஃபையரின் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் அழுத்தம், கனஅளவு இரண்டையும் லாக் அளவில் வரையுங்கள். கம்ப்ரெஷன் கோடு 1.3 சொச்சம் சரிவில் நேராக வர வேண்டும். கீழ்முனை வளைந்திருந்தால் பொருத்தியது இன்னும் சரியில்லை. அந்தப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.